ரமண மகரிஷி: பிரசங்கமே செய்யாதவர் உலகப் புகழ் பெற்றது எப்படி? படங்களும் புத்தகங்களும் சொல்வதில் எது உறுதி, எது அலங்காரம்?

திருவண்ணாமலை ரமண மகரிஷி பற்றிய ஆவணப்படங்களை யூடியூபில் தேடிப் பாருங்க. பெரும்பாலானவற்றில் ஒரே மாதிரி காட்சிதான் வரும். கோவணம் மட்டும் கட்டிய ஒரு முதியவர், கையில் கோலும் கமண்டலமுமாக மலை அடிவாரத்தில் நடந்து வருவார். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து எதிரே இருப்பவர்களைப் பார்ப்பார். சிரிப்பார். ஆனா அவர் குரல் மட்டும் கேட்காது.

காரணம் ரொம்ப எளிது. அந்தப் பழைய படச்சுருள்களில் ஒலி இல்லை. அவர் குரலைப் பதிவு செய்த ஒலிநாடாவும் கிடையாது. படத்தில் நாம் கேட்கும் பின்னணிக் குரல், இசை, விளக்கம் எல்லாமே மற்றவர்கள் சேர்த்தது.

அதனால்தான் அவரைப் பற்றிய படங்கள் மீது ஒரு கேள்வி எப்போதும் எழுகிறது. நாம பார்க்குறது ரமணரையா, இல்ல அவரைப் பற்றி மற்றவர்கள் சொன்ன கதையையா?

போதகர் பற்றிய படம் என்றால் என்ன கேட்பார்கள்?

அமெரிக்காவில் 1972-ல் 'மார்ஜோ' என்று ஒரு ஆவணப்படம் வந்தது. 4 வயதிலேயே மத போதகர் ஆக்கப்பட்ட மார்ஜோ கோர்ட்னர் என்பவரின் கதை. கூடாரக் கூட்டங்களில் மக்களை எப்படி உணர்ச்சிவசப்பட வைப்பது, காணிக்கை எப்படிச் சேர்கிறது என்று கேமரா முன்னாடி அவரே போட்டு உடைத்தார். சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருது அதற்குக் கிடைத்தது.

கூட்டத்தை ஈர்க்கும் ஆன்மிகப் பெரியவர் யாராக இருந்தாலும், அவரைப் பற்றிய படத்தை எடைபோட நாலு கேள்விகள் போதும். அவர் சொன்னதாகச் சொல்வதை அவர்தான் சொன்னாரா? பணமும் நிர்வாகமும் யார் கையில் இருந்தது? எல்லாரையும் சமமாக நடத்தினார்களா? அற்புதம் என்று சொல்வது என்ன?

ரமணர் போதகர் இல்லை. மேடை ஏறவில்லை, ஊர் ஊராகப் போகவில்லை. ஆனா இதே நாலு கேள்விகளை அவர் வாழ்க்கையிலும் கேட்டுப் பார்க்கலாம். பக்திப் படங்கள் அவசரமாகக் கடந்து போகிற இடங்களில்தான் அந்த மனிதர் நன்றாகத் தெரிகிறார்.

யார் இந்த வெங்கடராமன்?

1879 டிசம்பர் 30-ம் தேதி, இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள திருச்சுழியில் பிறந்தார். அப்பா சுந்தரம் ஐயர், உள்ளூர் கோர்ட்டில் வழக்காடியவர். அம்மா அழகம்மாள். பிள்ளைக்கு வைத்த பெயர் வெங்கடராமன். அண்ணன் நாகசாமி, தம்பி நாகசுந்தரம், தங்கை அலமேலு.

1892-ல் அப்பா இறந்ததும் குடும்பம் பிரிந்தது. வெங்கடராமனும் அண்ணனும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்கு வந்தார்கள். மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், சொக்கப்ப நாயக்கன் தெருவில் அந்த வீடு. இன்று அது ரமண மந்திரம். ஸ்காட் நடுநிலைப் பள்ளி, பிறகு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி என்று படிப்பு. படிப்பைவிட விளையாட்டில்தான் ஆர்வம் அதிகம்.

1895 நவம்பரில் உறவினர் ஒருவர் அருணாசலத்திலிருந்து வருவதாகச் சொன்னார். சின்ன வயதிலிருந்து கேள்விப்பட்ட பெயர், நேரில் போகக்கூடிய ஊர் என்று அன்றைக்குத்தான் பையனுக்குத் தெரிந்தது. அதே காலத்தில் பெரியபுராணமும் கைக்கு வந்தது.

மதுரை மாடியறையில் நடந்தது என்ன?

1896 ஜூலை. 16 வயசு. உடம்புக்கு ஒன்றும் இல்லை. மாடியறையில் தனியாக இருந்தவருக்குத் திடீரென்று சாகப்போகிறோம் என்ற பயம் வந்தது. யாரையும் கூப்பிடவில்லை, டாக்டரைத் தேடவில்லை. கை காலை நீட்டிப் பிணம் போலப் படுத்து, உடம்பு போனால் மிச்சம் இருப்பது எது என்று தனக்குள்ளேயே பார்த்தார். பயம் போனது. அதற்குப் பிறகு அது திரும்ப வரவே இல்லை.

எல்லாப் படங்களின் மையக் காட்சியும் இதுதான். ரமணரே தன் வாயால் விவரிப்பது போன்ற ஒரு நீண்ட பகுதியைத்தான் பின்னணியில் வாசிப்பார்கள். ஆனா அந்தப் பகுதியை எழுதியவர் பி.வி. நரசிம்ம சுவாமி. சேலத்தில் வழக்கறிஞராகவும் சட்டசபை உறுப்பினராகவும் இருந்தவர், பின்னாளில் ஷீரடி சாயி பாபா வழிபாட்டைத் தென்னாட்டில் பரப்பியவர். 1931-ல் வந்த ஆங்கில வாழ்க்கை வரலாற்றில், பல நாள் கேட்டுத் தெரிந்துகொண்டதை ஒரே ஓட்டமாக, தன்மையில் எழுதினார். சொல்லுக்குச் சொல் அப்படியே பதிவானது அல்ல என்று அவரே அடிக்குறிப்பில் தெரிவித்திருந்தார். பிறகு வந்த பதிப்புகளில் அந்தக் குறிப்பு காணாமல் போனது.

நிகழ்ச்சி பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அடுத்த 54 ஆண்டு வாழ்க்கை முழுதும் அந்த ஒரு நாளிலிருந்துதான் கிளம்புகிறது. ஆனா சொற்கள் அவருடையவை அல்ல. இந்த வித்தியாசத்தைச் சொல்லாத படம், பார்ப்பவருக்குப் பாதி உண்மையைத்தான் கொடுக்கிறது.

3 ரூபாயோடு கிளம்பிய பயணம்

1896 ஆகஸ்ட் 29. அண்ணனின் காலேஜ் ஃபீஸ் கட்ட 5 ரூபாய் கையில் வந்தது. அதில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு 2 ரூபாயை வைத்துவிட்டு, ஒரு சீட்டும் எழுதி வைத்தார். தேட வேண்டாம், செலவு செய்ய வேண்டாம் என்பது அதன் சாரம். கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பெயர் இல்லை, வெறும் கோடுதான்.

பழைய அட்லஸைப் பார்த்துத் திண்டிவனத்துக்கு 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட் எடுத்தார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு ரயில் பாதை வந்துவிட்டது அவருக்குத் தெரியாது. ரயிலில் ஒரு மௌலவி சொல்லித்தான் தெரிந்தது. விழுப்புரத்தில் இறங்கி, மிச்சமிருந்த அணாக்களுக்கு மாம்பழப்பட்டு வரை ரயிலில் போய், அங்கிருந்து அரகண்டநல்லூர், கீழூர் என்று நடந்தார். கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் என்பவரிடம் காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தார். திருப்பி வாங்குவதற்காகக் கொடுத்த முகவரிச் சீட்டைக் கிழித்துப் போட்டார்.

செப்டம்பர் 1-ம் தேதி காலையில் திருவண்ணாமலை. நேராகக் கோயிலுக்குப் போனார். பிறகு ஐயங்குளத்தில் மிச்சக் காசு, பூணூல் எல்லாவற்றையும் எறிந்தார். தலையை மழித்துக்கொண்டார். அதற்குப் பிறகு சாகும்வரை இந்த ஊரை விட்டு வெளியூர் போகவே இல்லை.

கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்துக்குக் கீழே உள்ள பாதாள லிங்கக் குழியில் உட்கார்ந்தார். பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கியதும் அவருக்குத் தெரியவில்லை. கல்லெறிந்த பையன்களிடமிருந்து சேஷாத்ரி சுவாமிகள் அவரைக் காத்தார். அப்போது ஊர்க்காரர்கள் அவரை அழைத்த பெயர் பிராமண சாமி. பகவான் ரமண மகரிஷி என்ற பெயரை வைத்தவர் காவ்யகண்ட கணபதி முனி, 1907 நவம்பரில். அதாவது இன்று உலகம் சொல்லும் பெயர்கூட அவராக வைத்துக்கொண்டது இல்லை.

பேசவே மாட்டாரா?

இதுதான் ரொம்பப் பேர் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம். அவர் மௌன விரதம் எதுவும் எடுக்கவில்லை. ஆரம்ப வருடங்களில் பேசத் தோன்றாமல் இருந்தார், அவ்வளவுதான். 1898-ல் அம்மா வந்து பவழக்குன்றில் அழுது கூப்பிட்டபோதுகூட, விதிப்படிதான் எல்லாம் நடக்கும் என்ற பொருளில் தாளில் எழுதித்தான் காட்டினார். அம்மா அவர் இல்லாமலேயே திரும்பிப் போனார்.

1899 முதல் 1916 வரை மலை மேல் விருபாட்ச குகை. 1902-ல் தென்னாற்காடு கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை அங்கே வந்து கேள்விகள் கேட்டார். ரமணர் எழுதிக் காட்டினார். 'நான் யார்?' என்ற சின்னப் புத்தகமாக அது 1923-ல் வந்தது. பிறகு ரமணரே அதைக் கட்டுரையாகத் திருத்தி எழுதினார். 1928-ல் 'உள்ளது நாற்பது', அதற்கு முன்பே 'அருணாசல அக்ஷரமணமாலை'. இவை அவர் கையால் தமிழில் வந்தவை. சந்தேகத்துக்கே இடம் இல்லை.

பிற்காலத்தில் அவர் தாராளமாகப் பேசினார். தமிழ், தெலுங்கு, மலையாளம் மூன்றும் வரும். கேலி, கதை, சமையல் குறிப்பு எல்லாம் உண்டு. 1935 முதல் 1939 வரையான உரையாடல்களை முனகால வெங்கடராமையா பதிவு செய்தார். 1940களில் தேவராஜ முதலியாரின் நாட்குறிப்பும் சூரி நாகம்மாவின் தெலுங்குக் கடிதங்களும் வந்தன.

இதில் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. அவர் பெரும்பாலும் தமிழில் பேசியதை வெங்கடராமையா ஆங்கிலத்தில் எழுதினார். அந்த ஆங்கிலம் பிறகு தமிழுக்கு வந்தது. ஆக, தமிழர் ஒருவர் தமிழில் பேசியதை நாம் இரண்டு மொழிமாற்றம் தாண்டித்தான் படிக்கிறோம். முதல் கேள்விக்கு இதுதான் விடை. அவர் எழுதியது உறுதியானது. அவர் பேசியதாக வருவது, பக்கத்திலிருந்தவர் புரிந்துகொண்ட அளவுக்கு உண்மை. வாட்ஸ்அப்பில் படத்தோடு வரும் பொன்மொழிகள் மூன்றாவது வகை. அவற்றை நம்பும் முன் மூலநூலைத் தேடுவது நல்லது.

உலகத்துக்குச் சொன்னது யார்?

1911-ல் வேலூர் போலீஸ் பயிற்சிப் பள்ளியில் இருந்த ஃபிராங்க் ஹம்ஃப்ரீஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி மலை ஏறி வந்தார். அவர் எழுதிய கடிதங்கள் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளியாயின. ஆனா உலகப் புகழைக் கொண்டுவந்தது பால் பிரண்டன்.

லண்டன் பத்திரிகையாளரான பிரண்டன், இந்தியாவில் உண்மையான யோகிகள் உண்டா என்று தேடி வந்தவர். செங்கல்பட்டில் காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதி அவரைத் திருவண்ணாமலைக்குப் போகும்படி சொன்னார். 1934-ல் வந்த அவருடைய இந்தியப் பயண நூல் பெரிய அளவில் விற்றது. போலிகளைக் கண்டு சலித்த ஒரு சந்தேகக்காரர், கடைசியில் ஒருவர் முன் அமைதியடைகிறார் என்பதுதான் அதன் வடிவம். பின்னாளில் வந்த எத்தனையோ படங்களும் இதே வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டன.

பிரண்டன் எவ்வளவு நம்பகமானவர்? 1930களின் கடைசியில் ஆசிரம நிர்வாகத்துக்கும் அவருக்கும் உறவு கசந்தது. 1993-ல் ஜெஃப்ரி மேசன் என்ற எழுத்தாளர், தன் குடும்பமே பிரண்டனைக் குருவாகக் கொண்டு வாழ்ந்த அனுபவத்தைப் புத்தகமாக்கினார். பிரண்டன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட பல விஷயங்களை அது கடுமையாகக் கேள்வி கேட்டது. தூதர் மீது விழுந்த சந்தேகம் ரமணர் மீது விழ வேண்டியதில்லை. ஆனா தூதரின் வர்ணனையை அப்படியே சான்றாக எடுத்துக்கொள்ளவும் முடியாது.

ஹாலிவுட்டுக்குப் போன திருவண்ணாமலை

1938-ல் ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம் ஆசிரமத்துக்கு வந்தார். ரமணரைப் பார்ப்பதற்கு முன்பே மயங்கி விழுந்தார். ரமணரே அவர் படுத்திருந்த அறைக்கு வந்து, கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார். மாமுக்குச் சமாதி நிலை கிட்டியது என்று ஊரெல்லாம் பேச்சு. மாம் 1958-ல் எழுதிய கட்டுரையில் அதை மறுத்தார். தனக்கு அதற்கு முன்னும் பின்னும் அப்படி மயக்கம் வந்ததுண்டு, விழித்தபோது புதிதாக எதுவும் தெரியவில்லை என்பது அவர் விளக்கம்.

அந்தச் சந்திப்பின் சாயல் 1944-ல் வந்த அவருடைய 'தி ரேஸர்ஸ் எட்ஜ்' நாவலில் இருக்கிறது. அதில் வரும் குரு திருவிதாங்கூரில் இருப்பவர். 1946-ல் ஹாலிவுட் அதைப் படமாக்கியது. டைரோன் பவர் கதாநாயகன். ஆன் பாக்ஸ்டருக்குச் சிறந்த துணை நடிகை ஆஸ்கர். ஆனா படத்தில் குரு உயர்ந்த மலைச்சிகரங்களுக்கு நடுவே வாழ்கிறார். 1984-ல் பில் மரே நடித்து மறுபடி எடுத்தபோது, காட்சி லடாக்கின் பௌத்த மடாலயத்துக்கே போய்விட்டது. அந்தப் படம் வசூலில் தோற்றது.

இரண்டு படங்களிலும் ஒரே சிக்கல். கதாநாயகன் உள்ளுக்குள் மாறினான் என்று வசனம் சொல்கிறது, ஆனா திரையில் அது தெரியவில்லை. தெரியாததை ஈடுகட்ட மலையைப் பெரிதாக்கினார்கள். 800 மீட்டர் சொச்சம் உயரமுள்ள, வெயிலில் காயும் பாறை மலைக்குப் பக்கத்தில், கலெக்டர் ஆபீஸ் ஊழியரும் கூலி வேலை செய்பவரும் வந்து போகும் கூடத்தில் உட்கார்ந்திருந்த மனிதர் அவர். அந்தச் சாதாரணம்தான் முதலில் வெட்டப்பட்டது.

பணமும் நிர்வாகமும் யார் கையில்?

அம்மா அழகம்மாள் 1916-ல் மகனோடு வந்து தங்கினார். ஸ்கந்தாசிரமத்தில் சமைத்துப் போட்டார். 1922 மே 19-ல் இறந்தார். பெண்ணுக்குத் துறவிகளைப் போலச் சமாதி வைக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, ஞானத்தில் ஆண், பெண் பேதம் இல்லை என்ற நிலைப்பாட்டிலேயே ரமணர் இருந்தார். அம்மாவின் சமாதி இருந்த மலை அடிவாரத்துக்கு அந்த ஆண்டு டிசம்பரில் அவர் இறங்கி வந்தார். அங்கே ஒரு கூரைக் கொட்டகையில் தொடங்கியதுதான் இன்றைய ரமணாசிரமம்.

ஆசிரமம் வளர்ந்ததும் சண்டையும் வளர்ந்தது. துறவு பூண்டு நிரஞ்சனானந்தர் ஆன தம்பி நாகசுந்தரம் சர்வாதிகாரியானார். அப்போது அந்தச் சொல்லுக்கு முழுப் பொறுப்பு நிர்வாகி என்று பொருள். முன்பு நிர்வாகம் பார்த்த ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். 1936-ல் ரமணரிடமே கமிஷன் மூலம் சாட்சியம் எடுத்தார்கள். முறைப்படி சந்நியாசம் வாங்காதவர் அவர். நான்கு ஆசிரம நிலைகளுக்கும் அப்பாற்பட்டவராகவே தன்னைச் சொன்னார். 1938-ல் எழுதப்பட்ட உயில், நிர்வாகத்தைத் தம்பிக்கும் அவர் வழியினருக்கும் கொடுத்தது. 1953-ல் தம்பி இறந்ததும் அவர் மகன் பொறுப்புக்கு வந்தார்.

துறவியின் ஆசிரமம் ஏன் குடும்ப வழியில் போகணும்? இந்தக் கேள்வியை பக்தர்களே அன்று எழுப்பினார்கள். 1939-ல் தொடங்கி 1949 மார்ச்சில் குடமுழுக்கு நடந்த மாத்ருபூதேஸ்வரர் கோயிலின் செலவு பற்றியும் முணுமுணுப்பு இருந்தது. ரமணர் எந்தப் பக்கமும் சேரவில்லை. தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளவும் இல்லை. விடிவதற்கு முன் அடுக்களையில் காய் நறுக்குவார், அச்சுப்படி திருத்துவார், புத்தகம் தைப்பார். பந்தியில் எல்லாருக்கும் போடாத எதையும் தன் இலையில் போடவிட மாட்டார்.

சாப்பாட்டுப் பந்தியில் இருந்த பிரிவு

பக்திப் படங்கள் தொடாத இடம் இது. ஆசிரமச் சாப்பாட்டுக் கூடத்தில் பிராமணர்களுக்குத் தனிப் பகுதி, மற்றவர்களுக்குத் தனிப் பகுதி இருந்தது. இரு பகுதிக்கும் தெரியும்படி ரமணர் உட்கார்ந்தார். பெண்கள் இரவில் ஆசிரமத்துக்குள் தங்க முடியாது.

அது எப்படிப்பட்ட காலம் என்பதையும் பார்க்கணும். 1920களின் நடுவில் வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்ற விவகாரம் தமிழ்நாட்டையே உலுக்கியது. பெரியார் 1925-ல் காங்கிரசை விட்டு வெளியேறியதன் பின்னணியில் அதுவும் உண்டு. பந்திப் பிரிவு தப்பு என்று தெருவெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலத்தில்தான் இங்கே அது தொடர்ந்தது.

வந்த முதல் நாளே பூணூலை எறிந்தவர், தெருவில் பிச்சை எடுத்துச் சாப்பிட்டவர், குரங்குக்கும் பசு லட்சுமிக்கும் மனிதருக்குக் காட்டிய அதே அன்பைக் காட்டியவர், கண் முன்னால் இருந்த தடுப்பை ஏன் எடுக்கச் சொல்லவில்லை? யாரையும் வற்புறுத்தி மாற்றுவது அவர் வழி இல்லை என்கிறார்கள் பக்தர்கள். மாற்றும் செல்வாக்கு உள்ளவர் சும்மா இருந்தது குறைதான் என்கிறார்கள் விமர்சகர்கள். முதல் விளக்கம் அவர் இயல்புக்குப் பொருந்துகிறது. ஆனா தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கு அது போதிய பதிலா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்லத் தோன்றும்.

அடி விழுந்தபோது என்ன செய்தார்?

ஒருவரைப் பற்றி மற்றவர்கள் சொல்வதைவிட, கஷ்டம் வந்தபோது அவர் செய்தது நம்பகமானது.

1924 ஜூன் 26 இரவு ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். கதவைத் திறந்துவிடுகிறோம், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் ரமணர் சொன்னார். வெளியே வந்தபோது அவர் இடது தொடையில் அடி விழுந்தது. அடித்தவர்களைத் திருப்பித் தாக்கக் கிளம்பிய சீடரைத் தடுத்தார். அவர்கள் அவர்கள் வேலையைச் செய்கிறார்கள், நாம் நம் தர்மத்தை விடக்கூடாது என்பது அவர் நிலை. திருடர்களுக்குக் கிடைத்தது சில ரூபாய் மதிப்புள்ள சாமான்கள்தான். பிறகு போலீஸ் அவர்களைப் பிடித்தது.

1948 கடைசியில் இடது முழங்கைக்குக் கீழே ஒரு கட்டி. 1949 பிப்ரவரியில் அறுவை சிகிச்சை, மார்ச்சில் மறுபடி. சார்கோமா எனும் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆகஸ்ட்டில் மூன்றாவது, டிசம்பரில் நாலாவது அறுவை. கையை எடுத்துவிடலாம் என்ற யோசனைக்கு மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆங்கில வைத்தியம், பச்சிலை, ஹோமியோபதி, யார் எதைக் கொண்டுவந்தாலும் அவர்கள் மனசுக்காக ஏற்றுக்கொண்டார். வலி இல்லை என்று அவர் நடிக்கவில்லை. தன்னைத்தானே குணமாக்கிக்கொள்ளச் சொன்னவர்களுக்கும் இணங்கவில்லை. கடைசி நாள் வரை தரிசனத்துக்கு வந்தவர்களை நிறுத்தக்கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார்.

வானத்தில் தெரிந்த ஒளி

1950 ஏப்ரல் 14, இரவு 8.47. வெளியே பக்தர்கள் அக்ஷரமணமாலை பாடிக்கொண்டிருக்க, 70 வயதில் ரமணர் உயிர் பிரிந்தது. அதே நேரத்தில் ஒரு பெரிய ஒளி வானத்தில் மெதுவாக நகர்ந்து மலைப் பக்கம் போனதைப் பலர் பார்த்தார்கள். பார்த்தவர்களில் ஒருவர் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன். அந்த நாட்களில் ஆசிரமத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்.

ஒளி தெரிந்தது உண்மை. எரிநட்சத்திரம் என்பது இயல்பான விளக்கம். அந்த நேரத்தில் ஏன் என்பதற்கு விடை பார்ப்பவரின் நம்பிக்கையைப் பொறுத்தது. தான் அற்புதம் செய்வதாக ரமணர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. படத்தை அந்த ஒளியில் முடிப்பது பார்க்க அழகு. ஆனா அதற்கு முந்தைய 14 மாத வலியைச் சில நொடிகளில் கடந்துவிட்டு ஒளியை மட்டும் காட்டினால், அவர் எதில் பெரியவரோ அது விட்டுப்போகும்.

அப்போ, படம் பார்க்கும்போது எதைக் கவனிக்கணும்?

• பின்னணியில் வாசிப்பது ரமணர் எழுதியதா, பக்கத்திலிருந்தவர் குறித்து வைத்ததா, பிறகு யாரோ சேர்த்ததா என்று படம் பிரித்துச் சொல்கிறதா?

• 1936 சாட்சியம், 1938 உயில், பந்திப் பிரிவு ஆகியவற்றுக்குப் படத்தில் இடம் இருக்கிறதா?

• மாமின் மயக்கம் போன்ற சம்பவங்களில், சம்பந்தப்பட்டவரே பின்னாளில் சொன்ன விளக்கத்தையும் காட்டுகிறதா?

• நோய்க் காலத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறது?

மார்ஜோ கதையில் திரையை விலக்கினால் உள்ளே இருந்தது நாடகம். ரமணர் விஷயத்தில் திரையை விலக்கினால் கிடைப்பது வேறு. தனக்குப் பெயர் வைத்துக்கொள்ளாத, காசு வைத்துக்கொள்ளாத, அடித்தவனை அடிக்கவிடாத ஒரு மனிதர். கூடவே, தன் பெயரால் நடந்த நிர்வாகத்தையும் பந்தியையும் மாற்றாமல் விட்ட ஒரு மனிதர். இரண்டும் ஒருவர்தான்.

செங்கம் சாலையில் உள்ள ஆசிரமத்துக்கு கிரிவலம் வரும் கூட்டத்தில் பலர் இன்றும் ஒரு நிமிஷம் உள்ளே போய்ப் பழைய கூடத்தில் உட்கார்ந்துவிட்டுத்தான் நடையைத் தொடர்கிறார்கள். அங்கே பிரசங்கம் கிடையாது. நான் யார் என்று அவரவர் தனக்குத்தானே கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் விட்டுப்போன ஒரே வேலை. அதற்கு அவர் குறையே இல்லாதவர் என்று நம்ப வேண்டிய அவசியமும் இல்லை.